மட்டம் பார்ப்பவன் நிற்கும் இடம்

காளைக்குப் பேர்போன ஊர் அலங்காநல்லூர். ஆனால் வைகாசிக் கடைசியில் அந்தப் பக்கத்து வயக்காட்டில் காளையைத் தேடினால் கண் பூத்துப்போகும். வாடிவாசலுக்குக் காளை, வயலுக்கு டிராக்டர் என்று வேலை பிரிந்து வெகுகாலம் ஆகிறது. பெரியாறு கால்வாயில் தண்ணீர் விடப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தால் போதும், பெரிய வண்டி திரும்ப இடமில்லாத துண்டு வயல்களில் மினி டிராக்டர்கள் இறங்கிவிடும். பின்னால் ஓர் ஆள் நீளத்துக்கு இரும்புப் பிளேடு. மேட்டைச் சுரண்டும், பள்ளத்தில் தள்ளும், திரும்பி வந்து மறுபடி சுரண்டும். வரப்பில் நின்று பார்ப்பவருக்கு, இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்றுதான் தோன்றும்.

புதிதாக வண்டி பழகியவர் மட்டம் அடித்த வயலைப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு மேடு இருந்த இடத்தில் நாலு மேடு இருக்கும். தரை அலை அலையாகப் போயிருக்கும். கை சரியில்லை என்று திட்டுவார்கள். கையைவிட வண்டியின் உடலமைப்புக்கே இதில் பங்கு அதிகம். மினி டிராக்டரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். பிளேடு பின் அச்சுக்கு ஒரு மீட்டர் தள்ளித் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். லிஃப்டை ஒரே நிலையில் நிறுத்திவிட்டு ஓட்டினால், முன் சக்கரம் 3 அங்குல மேட்டில் ஏறும்போது வண்டி பின்னால் சாய்கிறது. பிளேடு 2 அங்குலம் மண்ணுக்குள் இறங்குகிறது. பிளேடுக்கு மேடு இன்னும் வந்தே சேரவில்லை, அதற்குள் நல்ல தரையில் ஒரு குழி. அடுத்ததாகப் பின் சக்கரம் அதே மேட்டில் ஏறும். பிளேடு 5 அங்குலம் எழும்பி, அள்ளி வந்த மண்ணை அங்கேயே கொட்டிவிடும். மேட்டை வெட்டும் முறை வருவதற்குள் ஒரு குழியும் ஒரு குவியலும் புதிதாக முளைத்துவிட்டன. அடுத்த சுற்றில் இந்த இரண்டும் தங்கள் பங்குக்குக் குட்டி போடும்.

பழகிய டிரைவரை உட்காரவைத்துப் பாருங்கள். பார்வை முன் சக்கரத்துக்கும் பிளேடுக்கும் மாறி மாறிப் போகும். வலது கை லிஃப்டு லீவரை விட்டு நகராது. காது இஞ்சின் மேல் இருக்கும். சத்தம் ஒரு சுதி இறங்கினால் பிளேடு அதிகமாகக் கடிக்கிறது என்று அர்த்தம், உடனே ஒரு விரற்கடை தூக்கிவிடுவார். முன் சக்கரம் மேட்டைத் தொடுவதற்குள்ளாகவே கை அசைந்திருக்கும். இப்படி ஓட்டுகிறவருக்கு ஊரில் கிராக்கி உண்டு. அவர் வரும் நாளுக்காக வயலைப் போட்டுவைத்துக் காத்திருப்பவர்களும் உண்டு.

இந்த லிஃப்டு இணைப்பு ஹாரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துக்காரரின் மூளையில் பிறந்தது. 1926-ல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னால் கலப்பையை வண்டிக்குப் பின்னால் சும்மா கோத்து இழுத்தார்கள். கொழு கல்லில் மாட்டினால் வண்டி முன்பக்கம் தூக்கி ஓட்டுபவர் மேலேயே கவிழும். வண்டியையும் கருவியையும் ஒரே உடலாக்கி அந்த ஆபத்தைக் குறைத்தார் ஃபெர்குசன். 1960-ல் சென்னையில் தொடங்கிய டேஃபே நிறுவனம் செய்துவரும் மாஸி ஃபெர்குசன் வண்டிகளில் அவர் பெயர் இன்றைக்கும் மதுரை ரோடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரே உடலானதற்கு ஒரு விலை இருக்கிறது. வண்டியின் தள்ளாட்டம் முழுக்கக் கருவிக்கு வந்து சேர்ந்தது. வண்டி நிற்பது மேடும் பள்ளமுமான தரையில். அந்தத் தரையில் நின்றுகொண்டே அதைச் சமப்படுத்தப் பார்க்கிறது. தான் நிற்கும் கோணலைத்தான் அது தரைமேல் எழுதிக்கொண்டு போகிறது.

முன்பு மாடு இழுத்த பரம்புப் பலகைக்கு இந்தத் தொல்லை கிடையாது. கயிற்றில் தளர்வாகக் கட்டிய நீளப் பலகை. மாடு தடுக்கினாலும் பலகை தடுக்காது. பாரத்துக்கு வீட்டுப் பையன் ஒருவனை ஏற்றிவிடுவார்கள். அவனுக்கு அது சவாரி. எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த வேலை நடந்தது தொளியில். காலளவு தண்ணீர் நிற்கும் சேற்றில் எது மேடு என்பதை யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. தண்ணீருக்கு மேலே தலைகாட்டுவது மேடு. இன்று கேஜ் வீல் மாட்டிய டிராக்டருக்குப் பின்னால் மரத்தையோ பலகையையோ கட்டி இழுக்கிறார்களே, அது பழைய பரம்புதான். இழுக்கும் பிராணி மட்டும் மாறியிருக்கிறது.

காய்ந்த நிலத்தில் பிளேடு ஓட்டி முடித்த ஒரு சாயங்காலம். இளவட்ட டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு, "கண்ணாடி மாதிரி ஆக்கிட்டேன் மாமா" என்கிறார். நிலத்துக்காரருக்கு எழுபதை ஒட்டிய வயது. அவர் பாராட்டவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. "கண்ணுக்கு நல்லாத்தான்டா இருக்கு மாப்ள. தண்ணி என்னா சொல்லுதுன்னு பாப்போம்" என்று மோட்டாரைப் போடப் போய்விட்டார். வாய்மடையில் விழுந்த தண்ணீர் கொஞ்ச நேரம் எல்லாப் பக்கமும் ஒழுங்காகப் பரவுவது போலத்தான் போனது. அப்புறம் கன்னி மூலையில் ஒரு கட்டில் அகலத்துக்குத் தரை காய்ந்தபடியே நின்றுவிட்டது. மூன்று பக்கமும் தண்ணீர் வந்து நின்றும் அது மட்டும் நனையவில்லை. டிரைவருக்கு நம்ப முடியவில்லை. "அங்கிட்டு நான் ரெண்டு வாட்டி அடிச்சேன் மாமா" என்றார். அடித்தது உண்மைதான். வண்டி அந்த மேட்டின் மேலேயே நின்று அடித்திருந்தது.

அந்தக் கட்டில் அகல மேட்டுக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டால்தான் விஷயத்தின் கனம் புரியும். ஒரு ஏக்கரில் 1 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க ஏறத்தாழ 40,000 லிட்டர் வேண்டும். மேடு 10 சென்டிமீட்டர் துருத்திக்கொண்டிருந்தால், அதை நனைப்பதற்காக மற்ற இடமெல்லாம் அந்த அளவுக்குக் கூடுதலாகத் தண்ணீர் கட்ட வேண்டும்: 4 லட்சம் லிட்டர். மதுரைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் அளந்தால் முப்பது லாரிக்கு மேல். அவ்வளவும் ஒரு மூலைக்காக. கட்டினாலும் பள்ளத்தில் நட்ட நாற்று மூழ்கி அழுகும். கட்டாவிட்டால் மேட்டில் கோரையும் அருகும் நெல்லை முந்திக்கொள்ளும். போட்ட யூரியா பள்ளத்துக்கு ஓடிப்போகும். பயிர் ஒரு பக்கம் பழுத்துக்கொண்டிருக்கும்போது மறுபக்கம் பால் பிடித்துக்கொண்டிருக்கும். திருந்திய நெல் சாகுபடி என்று 14 நாள் நாற்றை 25 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒற்றை ஒற்றையாக நடச் சொல்கிறார்களே, அதற்கு முதல் நிபந்தனையே வயல் மட்டமாக இருக்க வேண்டும் என்பதுதான். அந்த வயது நாற்றுக்கு ஒரு சாண் தண்ணீர் என்பது கிணறு.

லேசர் கருவி வந்த பிறகு இந்தச் சிக்கலுக்கு முடிவு கட்டிவிட்டதாகச் சொல்கிறார்கள். பஞ்சாப், ஹரியானா பக்கம் கடந்த இருபது ஆண்டுகளில் நன்றாகவே பரவியிருக்கிறது. வேலை செய்யும் விதம் எளிது. முக்காலி மேல் ஒரு கருவி சுழன்று ஒளிக்கதிரை வட்டமாக வீசும். டிராக்டர் இழுக்கும் வாளியில் ஒரு கம்பம், அதன் உச்சியில் கதிரை வாங்கும் பெட்டி. கதிர் பெட்டியின் நடுவில் விழாவிட்டால் வாளி தானே ஏறும் அல்லது இறங்கும். டிரைவர் லீவரைத் தொட வேண்டியதே இல்லை. துண்டு துண்டாகக் கிடக்கும் நம் வயலில் அந்தப் பெரிய வண்டி இறங்கித் திரும்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அது வேறு கதை. எனக்கு அதில் பிடித்த விஷயம் முக்காலிதான். அது வண்டி மேல் நிற்பதில்லை, ஓரத்தில் தனியாக நிற்கிறது. வண்டி எப்படி ஆடினாலும் அது ஆடாது. பெரியவர் மோட்டாரைப் போட்டு வரவழைத்த சாட்சியும், இந்த முக்காலியும் செய்வது ஒரே வேலை. மேட்டிலோ பள்ளத்திலோ பங்கில்லாத ஒன்று வந்து சொன்னால்தான் எது மேடு என்று தெரிகிறது.

எல்லா நிலத்துக்கும் இந்த மட்டம் வேண்டும் என்று நினைத்துவிடக் கூடாது. திருமங்கலம், கள்ளிக்குடி பக்கத்துக் கரிசல் வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் ஊதும். அதைப் போய் மட்டம் அடித்து என்ன ஆகப்போகிறது? அங்கே மானாவாரிக்காரர் கேட்பது மழை ஓடைக்கு வடிகிற அளவுக்கு ஒரு சரிவு. மல்லிகைத் தோட்டமும் அப்படியே. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு வேரில் தண்ணீர் தேங்கினால் ஆகாது.

நெல் வயலிலும் மட்டம் சும்மா வருவதில்லை. பள்ளத்தை நிரப்பும் மண் மேட்டின் மேல்மண். உரமும் மட்கும் உயிரும் இருப்பது அந்த அரை அடிக்குள்தான். அதைச் சீவியெடுத்த இடத்தில் வெளுத்த அடிமண் வெளியே வரும். இரண்டு மூன்று போகத்துக்குப் பயிர் அங்கே நோஞ்சானாகவே நிற்கும். வயல் மட்டமாகிவிட்டது, விளைச்சல் மட்டமாகவில்லை. அதனால்தான் விவரமானவர்கள் மேல்மண்ணை முதலில் ஒதுக்கிவைத்து, அடிமண்ணை மட்டம் செய்து, பிறகு மேல்மண்ணை மறுபடி பரப்பச் சொல்கிறார்கள். டீசல் கூட ஆகும் என்று பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை. அப்படியானால் வெட்டுப்பட்ட இடத்துக்காவது குப்பையும் கண்மாய் வண்டலும் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். வண்டல் எடுக்க இப்போது வட்டாட்சியர் அனுமதி கொடுக்கிறார்; வண்டி வாடகை நம்முடையது. நிரப்பிய பள்ளத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், மண்ணைக் கொடுத்த மேட்டை மறந்துவிடுவார்கள்.

மதுரை ரயில் நிலையத்து நடைமேடையின் முனையில் மஞ்சள் பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஊர் பெயருக்குக் கீழே, கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். மதுரைக்குக் கடல் கிடையாது. ஊர் நடுவே ஓடும் வைகைகூட ராமநாதபுரம் பெரிய கண்மாயை நம்பிப் போகிற ஆறு, மிஞ்சினால்தான் கடலுக்கு. ஆனாலும் இந்த ஊரின் உயரத்தை இந்த ஊரில் எதைக் கொண்டும் சொல்ல முடியாது. கோபுரத்தை வைத்துச் சொன்னால் கோபுரம் நிற்கும் தரை எவ்வளவு உயரம் என்ற கேள்வி வரும். வெகுதூரத்தில், ஊரே பார்க்காத ஒரு தண்ணீர்ப் பரப்பிலிருந்துதான் அளந்துகொண்டு வர வேண்டியிருக்கிறது.

பொறியாளர் பென்னிகுவிக் கட்டிய பெரியாற்று அணையை நாம் கல்லும் சுண்ணாம்புமாகவே நினைத்துக்கொள்கிறோம். அதன் உயிர் அளவைக் கணக்கில் இருக்கிறது. மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்ப வேண்டும் என்றால், அணை தண்ணீரை எவ்வளவு உயர்த்தும், சுரங்கத்தின் வாய் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பது காட்டுக்குள் நின்று கண்ணால் பார்த்துச் சொல்லும் சமாச்சாரம் இல்லை. 1887-ல் தொடங்கி 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திறந்துவைத்த அந்த வேலையின் பலனை வைகைப் பேரணையில் பிரியும் கால்வாயில் பார்க்கலாம். இருபோகப் பாசனம் 45,041 ஏக்கர், மேலூர் வரை போகும் ஒருபோகப் பாசனம் 85,563 ஏக்கர் என்று தண்ணீர் திறப்பு அறிவிப்பில் ஆண்டுதோறும் இந்த எண்கள் வரும். கரையில் நின்றால் சரிவு இருப்பதே கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால், ஒரு மாவட்டத்தையே நனைத்துக்கொண்டு போகிறது.

அதே மண்ணில் அதே பிளேடு இப்போது வேறு வேலையும் பார்க்கிறது. ஒத்தக்கடையிலிருந்து சிலைமான் வரை, சுற்றுச்சாலைக்கு இருபுறமும், வயலை நிரவிக் கல் நட்டு மனை ஆக்குகிறார்கள். வரப்பு போகும், வாய்க்கால் போகும். டிராக்டர் ஒரே நாளில் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். பார்க்க ரொம்ப அழகு. இந்தத் தட்டைக்கு யாரும் தண்ணீர் விட்டுப் பார்ப்பதில்லை. நிலம் விற்றுப்போகும் வரை மழை பெய்யாமல் இருந்தால் போதும். நகரத்துக்குள்ளும் இதே கதைதான், கொஞ்சம் பழைய கதை. உலகனேரிக் கண்மாயில் உயர் நீதிமன்றக் கிளை வந்தது. தல்லாகுளம் கண்மாயில் மாநகராட்சியின் அண்ணா மாளிகை எழுந்தது. நீதிமன்றமும் வேண்டும், மாநகராட்சியும் வேண்டும். அதில் சண்டை இல்லை. ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுத்த மேசையைச் சுற்றித் தண்ணீரின் சார்பில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் செல்லூர் கண்மாயும் பந்தல்குடி வாய்க்காலும் தாங்காமல் தெருத்தெருவாகத் தண்ணீர் வீடுகளுக்குள் ஏறியது. அன்று தண்ணீர் எந்தத் தெருவை முதலில் தேடிப் போனது என்பதைப் பார்த்தாலே நகரின் உண்மையான நில அளவைப் படம் கிடைத்திருக்கும்.

நிலத்தின் மேல் நிற்பவன் அதன் மட்டத்தை அறிய மாட்டான் என்பது மண்ணுக்கு மட்டும் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. மேட்டில் பிறந்தவருக்குத் தான் நிற்கும் இடம் சமதரையாகத்தான் தெரியும். காலடியில் சரிவு உறுத்தாது. பக்கத்து வயல் ஏன் இப்படிப் பள்ளமாகக் கிடக்கிறது என்று வேண்டுமானால் கேட்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரிகிறது. நல்ல மனம் இருந்தால் போதும் என்று நாம் நினைக்கிறோம். கன்னி மூலையில் இரண்டு முறை பிளேடு ஓட்டிய அந்த இளைஞருக்கு நல்ல மனம் இல்லையா என்ன?

இதைப் பழைய ஊர்கள் அறிந்திருந்தன. கண்மாய்ப் பாசனத்தில் மடை திறக்கவும், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சவும் நீர்க்கட்டி என்றும் நீர்பாய்ச்சி என்றும் ஓர் ஆள் இருப்பார். தண்ணீர் குறைந்த காலத்தில் நிலத்துக்காரர் மடையில் கை வைக்கக் கூடாது. நீர்க்கட்டி பாய்ச்சுவதுதான் பங்கு. தலைமடைக்கு எவ்வளவு நேரம், கடைமடைக்கு எவ்வளவு நேரம் என்பதை அவர் முடிவு செய்வார். பெரும்பாலும் அந்த ஆயக்கட்டில் ஒரு குழி நிலம்கூட இல்லாதவராகத்தான் அவர் இருப்பார். சொந்த வயல் இருந்தால் கை அந்தப் பக்கம் சாயும் என்பது ஊரின் கணக்கு. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை இவர்களைப் பற்றித் தனியே ஆவணப்படுத்தியிருக்கிறது. வரப்போரத்து முக்காலியை நம் ஊர்கள் மனிதனாக நிறுத்தியிருந்தன.

இதில் மெச்சிக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் மெச்சுவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டாக வேண்டும். அவருக்கு ஏன் நிலம் இல்லை? ஊர் கூடி, இவர் நியாயமாக இருக்கட்டும் என்று நிலம் வாங்காமல் பார்த்துக்கொண்டதா? பெரும்பாலான ஊர்களில் நீர்க்கட்டி பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். நிலம் இல்லாதது தலைமுறை தலைமுறையாக அவர்மேல் சுமத்தப்பட்டது. எல்லோருக்கும் சமமாகத் தண்ணீரைப் பிரித்துக் கொடுக்க, ஊர் தன் சமமின்மையின் அடியில் நிற்பவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. இருட்டில் மடைக்குள் மூழ்கி அடைப்பைத் திறந்தவரும் அவர்தான். மேல்மண்ணை இழந்த மேட்டுக்குப் போடும் வண்டல் போல, அவருக்குத் திரும்பிப் போனது அறுவடைக் களத்தில் கொடுக்கும் கதிர்க்கட்டு. அதுவும் விளைந்தால்தான்.

இப்போது அந்தக் கதிர்க்கட்டும் இல்லை. அறுப்பு மிஷின் நெல்லை நேரே டிப்பரில் கொட்டிவிடுகிறது. கட்டு கட்டுவதற்குக் கதிர் எங்கே? சொந்த போர் வைத்திருப்பவருக்கு மடையும் முறையும் ஒரு பொருட்டே இல்லை. நீர்க்கட்டியின் மகன் மதுரையிலோ திருப்பூரிலோ வேலைக்குப் போய்விட்டிருப்பான், போனது நல்லதுதான். கண்மாயை மட்டும் நம்பியிருக்கும் சின்ன விவசாயிக்குத்தான் இப்போது திண்டாட்டம். பிளேடு ஓட்ட மணிக் கணக்கில் வாடகை பேசினால் விஷயம் தீர்ந்துவிடுகிறது. நீர்க்கட்டிக்கு ஏக்கருக்கு இவ்வளவு பணம் என்று கூட்டம் போட்டு முடிவு செய்தால், அந்த வேலைக்கு இன்னும் ஆள் வரும். அந்தத் தொகையில் தலைமடைக்காரர் பங்கு எவ்வளவு, கடைமடைக்காரர் பங்கு எவ்வளவு என்ற இடத்தில்தான் கூட்டத்தில் குரல் உயர்கிறது.